பட்டையோடு வந்த லோடு

மரத்துக்குப் பட்டை உரிப்பதுதான் மனித குலத்தின் ஆகப் பெரிய வீண்வேலை என்று கௌசிக் அறிவித்தபோது, அவன் அப்பா ரத்தினசாமி வாசலில் மாலையோடு படுத்திருந்தார். அவன் பேச்சை அவர் குறுக்கிடாமல் கேட்டது அன்றுதான்.

குறுக்கிட்டவள் அம்மா மருதாத்தாள். "பட்டையோட அடுக்கறதா இருந்தா நான் எடுக்க உடமாட்டேன்."

மணி மூன்றரை. சிதைக்கான வாகைக் கட்டைகளோடு மர வியாபாரி ஜோஸின் டெம்போ தெருமுனையில் நின்றது. இருட்டுவதற்குள் எடுத்தாக வேண்டும்.

ரத்தினசாமி காகித ஆலையின் மரக்கிடங்கில் மேஸ்திரி. தைலமரம் போதாத காலங்களில் வாகை, மருது என்று நாட்டு மரங்கள் வரும். சில்லு சில்லாக வெட்டி வேகவைத்துக் கூழாக்குவார்கள். பட்டை கலந்தால் கூழில் கரும்புள்ளி விழும். அதனால் ஒரு கட்டையில் உள்ளங்கை அகலம் பட்டை இருந்தாலும் முழு லோடையும் திருப்பி அனுப்பிவிடுவார். வீட்டு வெந்நீர் அடுப்புக்கு வந்த விறகையும் உரித்துத்தான் வைத்தார். "ஏப்பா, வெந்நீர்ல புள்ளி விழுமா?" என்று கௌசிக் கேட்டு, தான் படித்த பாலக்காட்டுச் சித்தூர் கல்லூரி முழுக்க அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறான்.

"அம்மா, இது சாம்பலாகப் போறது. இதுல யாரும் பேப்பர் அடிக்கப் போறதில்ல."

"உங்கய்யன் எத்தன பேரு லோடத் திருப்பி உட்டாரு? அவுங்கெல்லாம் இங்கதான் நிக்கறாங்க. இவருக்கு மட்டும் பட்டை ஆகுமா, கண்ணு?"

நின்றுகொண்டுதான் இருந்தார்கள். துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் மர வியாபாரிகள். டெம்போவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டே மாலை போட வந்தார்கள்.

கௌசிக் ஜோஸிடம் போனான். "தெரிஞ்சுதானுங்க பட்டையோட கொண்டாந்தீங்க?"

"பதினாலு வட்டம் என் லோடு திரும்பி வந்திருக்கு, மோனே. ஒரு தடவையாவது ரத்தினசாமி சேட்டன் ஒன்னும் சொல்லாம எடுத்துக்கட்டும்னு நெனச்சேன்." ஜோஸ் துண்டால் மூக்கைத் துடைத்தார். "சேச்சி வேண்டாம்னா திருப்பிக் கொண்டு போறேன். எனக்குப் பழக்கம்தான்."

கௌசிக் அம்மாவிடம் திரும்பி வந்து கணக்குச் சொன்னான். நாற்பது கட்டை, இரண்டு மணி நேர வெளிச்சம், ஒரே ஒரு கொடுவாள். மருதாத்தாள் ரத்தினசாமியின் நெற்றியில் ஊர்ந்த எறும்பைத் தட்டிவிட்டாள்.

"எல்லாருக்கும் கிறுக்குப் புடிச்சிருக்குது" என்று பொதுவில் சொல்லிவிட்டு, கௌசிக் சட்டையைக் கழற்றினான். கொடுவாளை எடுத்துக்கொண்டு டெம்போவுக்கு நடந்தான்.

அவன் நான்காவது கட்டையில் இருக்கும்போது வியாபாரிகள் ஒவ்வொருவராக வண்டிகளிலிருந்து அரிவாளோடு வந்து உட்கார்ந்தார்கள். பட்டை உரிகிற சத்தம் மட்டும் தெரு நீளத்துக்குக் கேட்டது.

ஐந்தரைக்கு ஜோஸ் கடைசிக் கட்டையை உரித்து நீட்டினார். கௌசிக் வாங்கி, மிச்சமிருந்த வெயிலில் புரட்டிப் பார்த்தான். கணுவின் இடுக்கில் நகக்கண் அளவுக்குப் பட்டை நின்றது.

ஒன்றும் சொல்லாமல் அவரிடமே திருப்பிக் கொடுத்தான்.