எண்பத்து மூன்று பேருக்கு ஒரே அப்பன்

1931-ஆம் வருடத்துக் கணக்குப்படி வேலாயுதன் கங்காணிக்கு வயது முப்பத்தைந்து. பிள்ளைகள் எண்பத்து மூன்று பேர். மூத்த பிள்ளைக்கு வயது ஐம்பத்திரண்டு. இது நான் கட்டிவிட்ட கதை இல்லை. பொன்முடிப் பக்கம் தேயிலை போட்ட ஒரு இங்கிலீஷ் கம்பெனியின் செக்ரோலில் கறுப்பு மையில் எழுதியிருக்கிறது.

செக்ரோல் என்றால் எஸ்டேட்டில் யார் யார் வேலைக்கு நின்றார்கள் என்று பதிந்து வைக்கும் பெரிய புத்தகம். பேர், தகப்பன் பேர், வயது என்று கட்டம் போட்டிருக்கும். அதை எழுதின கணக்கப்பிள்ளை யாரிடமும் அப்பன் பேரைக் கேட்கவில்லை. உன்னை மலைக்குக் கூட்டிவந்த கங்காணி யார் என்று மட்டும் கேட்டு, அந்தப் பேரைத் தகப்பன் கட்டத்தில் எழுதிவிட்டார். ஆள் ஓடிப்போனால் யாரைக் கேட்க வேண்டும் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. அந்த எண்பத்து மூன்று பேரில் ஒருவர் மாடசாமி, என் அம்மா உலகம்மாளின் தாத்தா.

என் பேர் ஷிஜா. கீழே நகரத்தில், தம்பானூரில் ஒரு ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். கரமனையில் ஒற்றை அறையை இன்னொரு பெண்ணோடு பங்கு போட்டுக்கொண்டு இருக்கிறேன். அம்மா மலையில், லயத்தில் இருக்கிறாள். வரிசையாகக் கட்டின ஒற்றை அறைகளுக்குத்தான் லயம் என்று பேர். அம்மா பிறந்ததும் அந்த அறையில்தான், என்னைப் பெற்றதும் அதே அறையில்தான். நாற்பத்தோரு வருடம் கொழுந்து கிள்ளி ரிட்டையர் ஆனவளுக்கு எஸ்டேட்காரர்கள் கொடுத்த மரியாதை ஒரு நோட்டீஸ். மார்ச் மாதத்துக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று அதில் இருந்தது.

அந்த நேரத்தில்தான் பரிகாரம் வந்தது. எஸ்டேட்டை இப்போது நடத்துகிறவர்கள் வேறு ஆட்கள். இது பழைய லண்டன் கம்பெனியின் ஏற்பாடு. அந்தக் கம்பெனியின் முதல் முதலாளிகள் எங்கேயோ ஒரு தீவில் கரும்புத் தோட்டம் வைத்து அடிமைகளை வேலை வாங்கியவர்கள். அடிமை முறையை நிறுத்தியபோது அவர்கள் நாட்டு அரசாங்கம் நஷ்டஈடு கொடுத்தது. அடிமைகளுக்கு இல்லை, முதலாளிகளுக்கு. கையை விட்டுப்போன மனிதர்களுக்கு விலை வாங்கிக்கொண்டார்கள், அந்த விலை பிறகு இங்கே மலையாக மாறியது. இப்போது யாரோ பழைய பேப்பரைக் கிளறிவிட, கம்பெனிக்கு வெட்கம் வந்துவிட்டது. தீவுக்காரர்களின் வாரிசுகளுக்கு ஈடு செய்வதாகச் சொன்னார்கள். கூடவே, முன்பணக் கடனில் கட்டி இந்த மலைக்கு ஏற்றப்பட்டவர்களின் வாரிசு லயத்தில் இருந்தால் ஐந்து சென்ட் நிலமும் ஒரு வீடும் என்றார்கள்.

ஒரு மாதம் டிவியில் இதே விவாதம். கூலி கொடுத்தார்களே, பிறகு எப்படி அடிமை என்று ஒருவர் கேட்டார். தாத்தா செய்த தப்புக்குப் பேரன் ஏன் தண்டம் கட்ட வேண்டும் என்றார் இன்னொருவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாடசாமித் தாத்தா ஒரு தடவை மலையை விட்டு ஓடினார். நெடுமங்காட்டில் பிடித்து இழுத்துவந்து, ஆட்களை எண்ணும் களத்தில் இரண்டு நாள் மரத்தோடு கட்டி வைத்தார்கள். வாங்கின முன்பணம் தீரவில்லையாம். அந்த முன்பணம் அவர் நரைத்த பிறகும் தீரவில்லை. இதற்கு அடிமை என்று பேர் இல்லை என்றால் வேறு என்ன பேர் என்று அந்த மேதாவிகள் சொல்லட்டும்.

கட்டி வைத்தவர் வேலாயுதன் கங்காணி.

அந்த டிவி விவாதத்தில் எங்கள் பக்கம் பேச ஒருவர் வந்தார். அடிமைத் தொழிலாளியின் பேரன் பிரதீஷ் என்று கீழே எழுத்து ஓடியது. வேலாயுதன் கங்காணியின் சொந்தப் பேரன். பேங்க் மேனேஜராக இருந்தவர், நகரத்தில் பட்டம் என்ற இடத்தில் இரண்டு மாடி வீடு. செக்ரோலில் முதல் பேர் கங்காணியுடையது, ஆகையால் அவரும் வாரிசு. வீடு வேண்டாம், நீதி போதும் என்று கண் கலங்கப் பேசினார். கங்காணி குடும்பம் வேறு ஜாதி. அவர்கள் வாசலுக்குள் எங்கள் ஆட்கள் கால் வைத்ததில்லை.

"இவனுக்க தாத்தா கையிலல்லா பிரம்பு இருந்துது" என்றாள் அம்மா.

நாங்கள் போட்ட மனுவுக்கு, வாரிசுகளைச் சரிபார்க்க லண்டன் கம்பெனி வைத்த கமிட்டி பிப்ரவரியில் எங்களை விசாரணைக்குக் கூப்பிட்டது. சாஸ்தமங்கலத்தில் ஒரு பழைய வீட்டை ஆபீஸ் ஆக்கியிருந்தார்கள். அம்மா காலை பஸ்ஸில் மலை இறங்கி வந்தாள். மேஜைக்குப் பின்னால் கம்பெனியின் வக்கீல் அபின், என்னை விடச் சின்னவர், நல்ல மாதிரி. ஓரத்து நாற்காலியில் பிரதீஷ் உட்கார்ந்திருந்தார். அவர் எதற்கு இங்கே என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

"அம்மச்சி, ப்ரஸ்னம் ஒண்ணே ஒண்ணுதான்" என்றார் அபின் மலையாளம் கலந்த தமிழில். "செக்ரோல்ல மாடசாமி, தகப்பன் வேலாயுதன். நிங்க கொண்டுவந்த யூனியன் கார்டுல மாடசாமி, தகப்பன் சுடலைமுத்து. ரெண்டும் ஒரே ஆளுன்னு நான் எப்படி எழுதுவேன்?"

"சுடலைமுத்துதான் அவருக்க அப்பா. வேலாயுதன் கங்காணியாக்கும்."

"எனக்கு மனசிலாவுது. பக்ஷே, கமிட்டி கம்பெனி ரெக்கார்டு மட்டும்தான் எடுக்கும்."

நான் செக்ரோல் நகலைத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன். "சார், மாடசாமிக்கு இருபது வயசு, வேலாயுதனுக்கு முப்பத்தஞ்சு. பதினஞ்சு வயசுல பெத்தாராக்கும்? சரி, அது போட்டும். அடுத்த வரியில உள்ள மகனுக்கு அம்பத்திரண்டு. அப்பன் பிறக்கதுக்கு முன்னயே அவன் பிறந்தாச்சு."

அபின் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். "கமிட்டி வயசு நோக்காது சேச்சி. பேரு ஒத்துப்போனா மதி."

அதற்கு வழியும் அவர்களே வைத்திருந்தார்கள். மாடசாமி வேலாயுதனின் மகன்தான் என்று அம்மா ஒரு அபிடவிட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ஆமாம், இவர்கள் எங்கள் சொந்தம்தான் என்று வேலாயுதன் குடும்பத்தில் ஒருவர் கீழே கையெழுத்துப் போட வேண்டும். அதற்குத்தான் பிரதீஷ். ஏற்கெனவே ஏழு குடும்பத்துக்குப் போட்டுக் கொடுத்தாராம்.

"நம்ம எல்லாரும் ஒரே மலையில கஷ்டப்பட்டவங்களுக்க பிள்ளைங்கதானே அக்கா" என்றார் பிரதீஷ். "ஒரு ஒப்பு இட்டா உங்களுக்கு வீடு. எனக்கு இதுல ஒண்ணும் கிட்டாது, கேட்டோ."

நான் யோக்கியம் பேசப் போவதில்லை. அந்த ஏழு குடும்பத்தையும் நான் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் எனக்கும் வீடுதான் கண்ணுக்குத் தெரிந்தது. மார்ச் முடிய ஐந்து வாரம் இருந்தது. "வெறும் பேப்பர்தானே அம்மா, போட்டுரு" என்றேன். கட்டி வைத்து அடித்தவனைக் கொள்ளுத்தாத்தா ஆக்கிக்கொள் என்று பெற்றவளிடம் சொன்னேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அம்மா என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அபினிடம் திரும்பினாள். "இதுல ஒப்பு போட்டா, இந்த சாரு எனக்கு என்ன முறை வேணும்?"

அபின் விரல் விட்டு எண்ணினார். "மாடசாமியும் பிரதீஷ் சாருக்க அப்பனும் அண்ணன் தம்பி. அப்போ நிங்க அப்பனும் சாரும்… சித்தப்பா. சித்தப்பா முறை வரும்."

அம்மாவுக்கு அறுபத்தாறு வயது. சித்தப்பாவுக்கு ஐம்பத்து நான்கு.

"சரி சித்தப்பா" என்றாள் அம்மா, கொஞ்சமும் சிரிக்காமல். "நான் போடுதேன். நீங்களும் ஒண்ணு எழுதணும்."

"அதுக்கென்ன, சொல்லுங்க அக்கா."

"மாடசாமி எனக்க பெரியப்பா, அவருக்க ஜாதிதான் எனக்கும் ஜாதின்னு எழுதி ஒப்பு போடுங்க. நான் உங்க தாத்தாவை ஏத்துக்கிடுதேன். நீங்க எங்க ஆளுகளை ஏத்துக்கிடுங்க. வெறும் பேப்பர்தானே."

பிரதீஷின் சிரிப்பு அப்படியே இருந்தது, கண்தான் அபின் பக்கம் ஓடியது. அபின் ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது வேண்டாத வேலை அக்கா. அபிடவிட்ல ஜாதி கேக்கவே இல்லியே."

"நான் கேக்கேன்."

"மோளுக்கு கல்யாண ஆலோசனை நடக்குது. நாளைக்கு யாராவது இதை எடுத்து நோக்கினா…" பாதியில் நிறுத்திக்கொண்டார். தான் சொன்னது அவருக்கே காதில் விழுந்திருக்க வேண்டும். "வீட்ல ஒண்ணு கேட்டுட்டு விளிக்கேன்" என்று எழுந்தார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு வெளியே போனார். டிவியில் கலங்கிய அதே கண்ணால் எங்களை ஒரு தடவை பார்க்கவும் இல்லை.

அபின் பேனாவைத் திறந்தார். பிறகு ஃபைலில் ஒரு வரி எழுதினார். நான் எட்டிப் படித்தேன். மனுதாரர் ஒத்துழைக்கவில்லை, மனு முடிக்கப்பட்டது.

"ஒத்துழைக்காதது யாரு சார்?"

"சேச்சி, எனக்கு இப்படித்தான் எழுத முடியும். பிரதீஷ் சார் மனுதாரர் இல்ல."

"இங்க நடந்ததை எழுதுங்க. எங்க அம்மா ஒப்பு போட ரெடியா இருந்தா. கங்காணி பேரன் எங்க ஜாதியில சேர மாட்டேன்னு எழும்பிப் போனாரு. அதை அப்படியே எழுதி லண்டனுக்கு அனுப்புங்க. வீடு தராட்டாலும் போகுது, எங்களைக் குத்தவாளி ஆக்காதீங்க." என் குரல் வாசல் வரை கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் பேசினேன். நூறு வருடமாக எங்களைப் பற்றி யார் யாரோ எழுதுகிறார்கள், ஒருத்தரும் எங்களிடம் கேட்டு எழுதவில்லை.

அபின் பேனாவைத் தொடவில்லை. கமிட்டியைக் கேட்காமல் முடியாது என்றார், அடுத்த வாரம் வாருங்கள் என்றார், கடைசியில் மணியைக் காட்டினார். ஐந்தாகப் போகிறது, ஆபீஸ் பூட்ட வேண்டும், மலைக்குப் போகிற பஸ் போய்விடும் என்று அம்மாவிடம் தன்மையாகச் சொன்னார்.

அம்மா நாற்காலியை மேஜைக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பூட்டிட்டுப் போங்க சார்" என்றாள். "எனக்கு எப்படியும் வேற வீடு இல்ல."