மேஸ்திரி வீட்டுப் பூனை விருந்து

ஆம்பூர் வாழ் பெருமக்களுக்கு இதனால் அறிவிப்பது என்னவென்றால், சகல ஜீவராசிகளையும் அன்பாலேயே ஆட்கொள்ளும் மகான் ஒருவர் நம் ஊரில் அவதரித்திருக்கிறார். தோல் கம்பெனி மேஸ்திரி தேவசகாயம்தான் அவர்.

அவர் வேலை முடிந்து வரும்போது தெருப் பூனைகளெல்லாம் வாலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வரும்.

"இன்னா பண்றது எஸ்தரு, என் மனசு அப்படி" என்பார் மனைவியிடம். அவர் துணியைத் துவைக்கிறவள் எஸ்தர். அவர் கழற்றும் கம்பெனிக் கோட்டை வாங்கி ஆணியில் மாட்டுவாள்.

ஐம்பத்தாறாம் வருஷக் கிறிஸ்துமஸுக்குப் பூனைகளுக்கு விருந்து வைத்து, ஊரிலுள்ள பூனைப் பிரியர்களையும் அழைத்தார். சீயக்காய் தேய்த்துக் குளித்து, பவுடர் பூசி, புதுச் சட்டையில் வாசலில் அமர்ந்தார். பூனைகள் வந்தன. பாலைக் குடித்தன. அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடையைக் கட்டின.

"இன்னா மேஸ்திரி, உன் பக்தருங்க உன்ன கண்டுக்கவே இல்லியே!" என்றார் பக்கத்து வீட்டு நந்தகோபால். எல்லாரும் சிரித்தார்கள்.

மேஸ்திரியின் முகம் தொங்கிவிட்டது. இந்த மனுஷன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால் புதுவருஷம் வரைக்கும் வீட்டில் ஒருவரும் நிம்மதியாகச் சாப்பிட முடியாது என்பது எஸ்தருக்குத் தெரியும். உள்ளே ஓடி, ஆணியில் தொங்கிய கம்பெனிக் கோட்டை எடுத்துவந்தாள்.

"பனி ஜாஸ்தியா கீது, இத்தப் போட்டுக்கோங்க."

போட்டதுதான் தாமதம், போன பூனைகள் திரும்பி வந்து மடியிலும் தோளிலும் ஏறிக்கொண்டன. கூட்டம் கைதட்டியது.

"பாத்தீங்களா, அன்பு!" என்று தழுதழுத்தார் மேஸ்திரி.

பண்டிகை பிழைத்தது என்று எஸ்தர் மூச்சு விட்டாள்.

தோலுக்குப் பூசுகிற மீன் எண்ணெய் அந்தக் கோட்டில் ஊறியிருந்தது.