கண்சிமிட்டிய மஞ்சள் விளக்கு

"அந்தப் பல்பைப் புடுங்கி எறிஞ்சிருங்க தம்பி. திருநகர்ல வண்டிய வாங்குற ஆளு காத்துக்கிட்டிருக்காரு" என்றார் மலையாண்டி, காரைவிட்டு இறங்கும் முன்பே.

எனக்கு வந்ததே கோபம். அவனியாபுரத்தில் பட்டறை போட்ட நாளிலிருந்து இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அழுகிற பிள்ளையின் வாயைப் பொத்தினால் வயிற்றுவலி போய்விடுமா?

"பல்பு புடுங்குறதுக்கு வேற பட்டறை பாருங்க" என்றேன்.

ஓட்டுநர் இருக்கையிலிருந்து அவர் மகள் முத்துமீனா இறங்கினாள். டி. கல்லுப்பட்டியிலிருந்து அவள்தான் ஓட்டி வந்திருக்கிறாள். அடுத்தவர் காட்டில் களை வெட்டிப் பிழைத்த குடும்பத்தில் முதல் வண்டி. பழசுதான், ஆனாலும் பளபளவென்று வைத்திருந்தாள். பிரசவ வலி எடுத்தவள், ரயிலுக்குப் போகிறவர் என்று ஊரே அவளைத்தான் கூப்பிடுமாம். ஆயுத பூஜைக்கு மறுநாள், ஸ்டியரிங்குக்குப் பின்னால் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டியும் திக்கித் திணறியது. வேறொரு பட்டறையில் சென்சாரை மாற்றியும் விளக்கு அணையவில்லை. பூஜை போட்ட கையோடு கெட்டுப்போனதால் ராசியில்லாத வண்டி என்று ஊர் பேச, மலையாண்டி விற்கத் துணிந்துவிட்டார்.

"வித்துட்டா நான் மறுபடி களை வெட்டத்தாண்ணே போகணும். ஒருக்கா பாருங்கண்ணே" என்றாள். அந்தக் குரலைக் கேட்ட பிறகு என்னால் முறுக்கிக்கொண்டு நிற்க முடியவில்லை.

அந்த மாதிரிப் பழைய வண்டிக்குக் கம்ப்யூட்டர் எல்லாம் வேண்டாம். டாஷ்போர்டுக்கு அடியில் உள்ள சாக்கெட்டில் இரண்டு முனைகளை ஒயர்த்துண்டால் இணைத்துச் சாவியைத் திருப்பினால், அதே விளக்கு கண்சிமிட்டி, கோளாறு எங்கே என்று எண்ணாகச் சொல்லிவிடும். வாய்விட்டு எண்ணினேன். எங்கள் வீட்டில் சௌராஷ்டிரம். பேச்செல்லாம் தமிழில் வந்தாலும் எண்ணும்போது மட்டும் என் வாய் வீட்டு மொழிக்குத் தாவிவிடும்.

மலையாண்டி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். "என்ன மந்திரம் தம்பி இது?"

"மந்திரமுமில்ல, மாயமுமில்ல. ரெண்டு, ஒண்ணுன்னு எண்ணுனேன். இருபத்தொண்ணு" என்றேன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

இருபத்தொன்று என்றால் ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதிக்கிறோம் என்று பார்க்கிற சென்சார். ஏற்கெனவே மாற்றிய அதே சென்சார்! அது புதுசு என்றால், அதற்குப் போகிற ஒயரில்தான் வில்லங்கம். அந்த ஒயரின் பிளக்கைக் கழற்றினேன். குப்பென்று சந்தன வாசம். பிளக்குக்கு உள்ளே சந்தனம் காய்ந்து அப்பிக் கிடந்தது, நடுவில் குங்குமம். சென்சாரை மாற்றிய மகராசன் இதைப் பார்க்காமலேயே சொருகிவிட்டிருக்கிறான்.

முத்துமீனாவின் முகம் செத்துப்போனது. "பூஜைக்குத் தொடைக்கிறப்ப அது கழண்டு வந்துச்சுண்ணே. அதையும் விடுவானேன்னு உள்ள பொட்டு வச்சேன். அப்ப என் கையாலதான் கெட்டுச்சா?"

"கெட்டதெல்லாம் ஒண்ணுமில்ல தங்கச்சி. பாசம் கொஞ்சம் ஓவராப் போச்சு, அம்புட்டுத்தான்" என்று பிரஷ்ஷையும் ஸ்பிரேயையும் அவளிடமே கொடுத்தேன். உள்ளிருந்த கம்பிகள் மின்னும்வரை அவள் விடவில்லை. பழைய கோளாறை வண்டி மறக்கட்டும் என்று பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்திருந்து மாட்டினேன்.

அவள் சாவியைத் திருப்பினாள். மஞ்சள் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"பாத்தியா, நான் சொல்லல?" என்று மலையாண்டி தலையில் கைவைத்தார்.

"பொறுங்க ஐயா. சாவி போட்டா எரியத்தான் செய்யும். ஸ்டார்ட் பண்ணட்டும்."

எஞ்சின் ஓடத் தொடங்கியது. விளக்கு அணைந்தது. அழுத்தி மிதித்துப் பார்த்தாள். திணறலே இல்லை, விளக்கும் எட்டிப் பார்க்கவில்லை. எனக்கு மனசு நிறைந்துவிட்டது, பொய் சொல்வானேன்.

மலையாண்டி குனிந்து, விளக்கு எரிந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"திருநகர்ல நிறுத்தவாப்பா?" என்று முத்துமீனா மெல்லக் கேட்டாள்.

"அங்க என்ன சோலி? நேரா ஊருக்கு விடு ஆத்தா" என்றவர், ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "தம்பி, அடுத்த பூஜைக்கு எங்கெங்க பொட்டு வைக்கலாம்னு இப்பவே காட்டிக் குடுத்துருங்க."