பெண் பார்க்க வந்தவர்

"இழுக்காதேடி! தூக்கு. புறங்கையால தூக்கு."

ஜும்ரா மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து கத்தினாள். நஃபியா இந்தப் பக்கத்தில் நின்றுகொண்டு, இரண்டு கைகளையும் மாவுக்கு அடியில் நுழைத்து, மூச்சைப் பிடித்தபடி மெல்ல நகர்த்தினாள். எண்ணெய் தடவி ஊறவைத்த மாவு மேசை முழுக்கப் பரவி, நான்கு ஓரங்களிலும் வழிந்து தொங்கியது. கீழே விரித்திருந்த துணியின் நீலப் பூக்கள் அதனூடே தெரிய ஆரம்பித்திருந்தன.

"அக்கா, இதுக்கு மேல மெல்லிசாக்கினா மாவு இருக்கிறதே தெரியாது."

"தெரியக் கூடாது. அந்த மனுஷன் அவங்க அம்மா கையால இந்தக் கீரைப் பீத்தா சாப்பிட்டு வளர்ந்தவர். ஆஸ்பத்திரி வரிசையில நின்னு அந்தம்மா மாவு விரிக்கிற அழகைப் பத்தியே பேசிட்டிருந்தார். என் பேரை மாத்திரைக்குக் கூப்பிட்டதுகூட எனக்குக் கேக்கல."

"ஒரு பொண்ணுகிட்ட முதல்முதலா பேசறப்போ, அம்மாவைப் பத்தியா பேசினார்?"

"சிரிக்காதே, மாவு ஆடுது!"

சொல்லிவிட்டு ஜும்ராவே முதலில் சிரித்தாள். நஃபியா பக்கத்தில் ஓர் இடத்தில் மாவு கிழிந்தது. இருவரும் "ஐயோ" என்று ஒரே குரலில் கத்தினார்கள். ஜும்ரா ஓடி வந்து அந்த இடத்தைக் கிள்ளி ஒட்டினாள்.

இருவரும் ஓரகத்திகள். ஜும்ராவின் கணவன் கெமால் மூத்தவன். நஃபியாவின் கணவன் ரமிஸ் இளையவன். போர் முடிந்து அடுத்த குளிர்காலத்தில் கெமால் காய்ச்சலில் படுத்துப் போய்ச் சேர்ந்தான். பிள்ளை இல்லை. அன்றிலிருந்து ஜும்ரா மாடி அறையில், இவர்கள் கீழே. அடுப்பு மட்டும் ஒன்று.

இன்று அடுப்படியில் நடப்பது ரமிஸுக்குத் தெரியாது. வேலிக்குப் பலகை வேண்டும், ஆற்றைத் தாண்டி இருக்கும் மரக்கடையில்தான் நல்ல பலகை கிடைக்கும் என்று சொல்லி நஃபியா அவனைக் காலையிலேயே கிளப்பிவிட்டாள். மதியச் சாப்பாட்டுக்குத் திரும்புவான். அதே நேரத்துக்கு ஹாஸிபையும் ஜும்ரா வரச் சொல்லியிருந்தாள். ஹாஸிப் மாக்லாய் ரயில் நிலையத்தில் கைகாட்டி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்தவர். ரத்தக் கொதிப்பு மாத்திரைக்கு மாதாமாதம் வரிசையில் நின்ற பழக்கம், போன குளிர்காலத்தில் பேச்சாகி, பேச்சு ஆற்றங்கரை நடையாகி, இப்போது முறைப்படி வீடு தேடி வருகிறது.

"அவர்கிட்ட எப்போக்கா சொல்றது?"

"உன் புருஷன்கிட்டயா? சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்து, ரெண்டு துண்டு உள்ள போனதுக்கு அப்புறம். வயிறு நிறைஞ்சா உன் புருஷனுக்குக் கோபம் வராது, தூக்கம்தான் வரும்."

நஃபியா சிரித்தாலும் பழசை மறக்கவில்லை. சில வருஷங்களுக்கு முன்னால் டெஷான் ஊர்த் தையல்காரர் ஒருவருக்காக யாரோ பேச வந்தார்கள். ரமிஸ் அவர்களுக்கு ஒரு வாய் காப்பிகூடக் கொடுக்கவிடவில்லை. "எங்க அண்ணன் பொண்டாட்டி ஒண்ணும் நடுத்தெருவுல நிக்கல" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டான். ஜும்ரா அந்த வாரம் முழுக்க வீட்டிலிருந்த திரைச்சீலைகளையெல்லாம் கழற்றித் துவைத்துக்கொண்டிருந்தாள்.

இந்தத் தடவை தரகர் யாரும் இல்லை. "நானே பார்த்தேன், நானே வரச் சொல்லியிருக்கேன்" என்று, நேற்று தன் தலைக்கு நஃபியா சாயம் பூசிவிட்டபோது ஜும்ரா சொன்னாள். சொன்ன வேகத்தில் நஃபியாவின் கையிலிருந்த தூரிகை காதில் பட்டு, காது மடலும் கறுத்துப்போனது. எலுமிச்சம்பழம் தேய்த்தும் போகவில்லை.

"முக்காடு போட்டு மறைச்சுக்கலாம்க்கா."

"மறைக்க மாட்டேன். கேட்டா உன்னைக் காட்டிக் கொடுப்பேன்."

மாவு காய்வதற்குள் வேலை நடக்க வேண்டும். ஓரங்களில் தடித்திருந்ததை ஜும்ரா கத்தியால் அறுத்து எடுத்தாள். ஆற்றோரப் பாத்தியில் விடியற்காலையில் பறித்த கீரை, பொடியாக நறுக்கி உப்புப் போட்டுப் பிழிந்து, உதிர்த்த பாலாடைக்கட்டியும் முட்டையும் சேர்த்துப் பிசறித் தயாராக இருந்தது. கோழிக்குத் தீனி வீசுவதுபோல அதை அள்ளி அள்ளி மாவின்மேல் தூவினாள். பிறகு துணியின் ஒரு முனையை இருவருமாகப் பிடித்துத் தூக்க, மாவு தானாக உருண்டு உருண்டு நீளச் சுருளாகத் திரண்டது. அதை வட்டத் தட்டில் நத்தை ஓடு மாதிரி சுற்றி வைத்தார்கள்.

ஜும்ரா இடது கையை உதறிக்கொண்டாள்.

"என்னக்கா?"

"மரத்துப்போச்சு. காலையிலேர்ந்து மாவு பிசைஞ்சதுல."

"ராத்திரி தூங்கினீங்களா இல்லையா?"

"கல்யாணப் பொண்ணு எங்கேயாவது தூங்குவாளாடி?"

தட்டு அடுப்புக்குள் போனது. ஜும்ரா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்து நாற்காலியில் எறிந்துவிட்டு, படிகளில் பாட்டு முனகிக்கொண்டே ஏறினாள். நஃபியா மேசையைத் துடைத்தாள். காப்பிக் கோப்பைகளில் விரிசல் இல்லாதவையாகப் பொறுக்கி எடுத்து வைத்தாள். கண்ணாடியில் தன் முகத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பார்க்கப்போவது தன்னை என்பதுபோல அவளுக்கும் கன்னம் சூடாகியிருந்தது.

மேலிருந்து குரல் வந்தது. "நஃபியா! பச்சைச் சட்டையா, நீலமா?"

"பச்சை!"

"பச்சையில குண்டாத் தெரிவேனே!"

"குண்டாத்தானே இருக்கீங்க!"

மேலே சிரிப்பு. அலமாரிக் கதவு மூடும் சத்தம். அப்புறம் கட்டில் கிரீச்சிட்டது. அதற்குப் பிறகு வந்த அமைதியை நஃபியா முதலில் கவனிக்கவில்லை. கோப்பைகளைத் துடைத்து முடித்து, "அக்கா, பொத்தான் போட வரட்டுமா?" என்று கேட்டபோது பதில் வரவில்லை. இரண்டாம் முறை கேட்டுவிட்டு மாடிக்கு ஓடினாள்.

ஜும்ரா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பச்சைச் சட்டையின் ஒரு கைக்குள் மட்டும் கை போயிருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை.

"அக்கா! என்னக்கா பண்ணுது?"

"ஒண்ணுமில்ல. மூச்சுதான்... நீ போய் அடுப்பைப் பாரு. கருகிடும்."

"அடுப்பு கிடக்கட்டும்—"

"போடி" என்றாள் ஜும்ரா. அதை மட்டும் தெளிவாகச் சொன்னாள்.

நஃபியா போகவில்லை. ஒரு கையால் அவளைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் சுகாதார நிலையத்துக்கு ஃபோன் செய்தாள். அவர்கள் தெருப் பெயரைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே தோளில் இருந்த தலையின் கனம் மாறிவிட்டது.

வண்டி வந்தது. இளம் டாக்டர் மாடியில் சிறிது நேரம் இருந்துவிட்டு இறங்கி வந்து, நஃபியாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் அவளுக்கு அடுப்பு ஞாபகம் வந்தது. ஓடிப்போய்த் தட்டை வெளியே எடுத்தாள். பொன் நிறத்தில் இருந்தது, எங்கும் கருகவில்லை. பாலேட்டை எடுத்து மேலே தடவினாள். ஏன் தடவுகிறோம் என்று தெரியாமலே, ஓர் இடம் விடாமல் தடவி முடித்தாள்.

பக்கத்து வீட்டு மெய்ரா முதலில் வந்தாள். அவளுக்குப் பின்னால் தெருவே வந்தது. ரமிஸ் பலகைகளை வண்டியிலிருந்து இறக்காமலே உள்ளே ஓடினான். மாடியில் அண்ணியின் காலடியில் நின்றான். பிறகு கீழே வந்து, யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

நஃபியா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தாள். அந்த மனுஷரை எப்படித் தடுப்பது? அவருடைய ஃபோன் எண் ஜும்ராவுக்கு மட்டும்தான் தெரியும்.

அதற்குள் அவரே கதவைத் திறந்துகொண்டு தோட்டத்துக்குள் வந்துவிட்டார். பழுப்புக் கோட்டு, மெருகேற்றிய ஷூ. கையில் ரிப்பன் கட்டிய காப்பிப் பொட்டலம். வாசற்படியில் குவிந்து கிடந்த செருப்புகளைப் பார்த்துவிட்டுத் தயங்கி நின்றார். வெட்கமாகச் சிரித்தார்.

"நீங்க நஃபியாதானே? இவ்வளவு பேரையா கூப்பிட்டிருக்காங்க? நான் ஒரே ஒரு பொட்டலம்தானே கொண்டு வந்தேன்."

"அண்ணே..." என்றாள் நஃபியா. "அக்கா போயிட்டாங்க."

"எங்கே போயிட்டாங்க? வரச் சொன்னாங்களே."

உள்ளேயிருந்து யாரோ ஓதும் குரல் கேட்டது. ஹாஸிப் தலையைச் சாய்த்து அதைக் கேட்டார். கையிலிருந்த பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"நான்... அப்போ நான் கிளம்பட்டுமா, தங்கச்சி? நான் இங்க யாருக்கும் உறவு இல்லையே."

வாசலில் ரமிஸ் வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் மெய்ராவின் முகம், இன்னும் இரண்டு பெண்களின் முகங்கள்.

"யாரு இவர்?" என்றான் ரமிஸ்.

ஆஸ்பத்திரியில் அக்காவுக்குப் பழக்கம் என்று சொல்லிவிடலாம். யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். ஜும்ராவின் பேரை நாளைக்கு யாரும் இழுக்க மாட்டார்கள். இந்த மனுஷரும் காப்பியைக் கொடுத்துவிட்டு, தெருக்கோடியில் திரும்பிப் போய்விடுவார். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த நல்ல செய்தி நஃபியாவின் நாக்கு நுனியில் வந்து நின்றது.

"அக்காவைப் பெண் பார்க்க வந்திருக்கார்" என்றாள். நல்ல செய்தி சொல்கிற குரலிலேயே அது வெளியே வந்தது. "அக்கா சம்மதிச்சாச்சு. உங்ககிட்ட இன்னிக்குச் சொல்றதா இருந்தாங்க."

மெய்ரா வாயைப் பொத்திக்கொண்டாள். ரமிஸ் அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தான். பார்வை ஷூவில் வந்து நின்றது.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று நஃபியாவிடம் கேட்டான்.

"தெரியும்."

அவன் உள்ளே போய்விட்டான். ஹாஸிப் போகவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை. பிளம் மரத்தடி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். யாரும் அவரிடம் போய்ப் பேசவில்லை. பெண்கள் மாடிக்கும் கீழுக்குமாகத் தண்ணீர் சுமந்தார்கள்.

சாயங்காலம் ரமிஸ் அடுப்படிக்கு வந்தான். மூடி வைத்திருந்த தட்டைத் திறந்து பார்த்தான்.

"இது?"

"அவருக்காக அக்கா செஞ்சது. உங்களுக்கும்தான்."

ரமிஸ் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "சந்தோஷமா இருந்தாங்களா?" என்றான்.

"இன்னிக்குக் காலையில அவங்களைப் பார்த்திருக்கணும் நீங்க" என்றாள் நஃபியா. "மாவைக் கிழிச்சிட்டோம், அப்படிச் சிரிச்சோம். கல்யாணப் பொண்ணு மாதிரி பாட்டு பாடிக்கிட்டுதான் மாடி ஏறினாங்க."

"பாட்டா? எங்க அண்ணன் போனப்புறம் அவங்க பாடி நான் கேட்டதே இல்லையே."

"உங்களுக்குக் கேக்கிற மாதிரி பாடினதில்ல."

அவன் கத்தியை எடுத்தான். சுருளின் நடுப்பகுதியிலிருந்து இரண்டு துண்டுகள் வெட்டினான். ஒரே தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனான். நஃபியா ஜன்னல் வழியே பார்த்தாள். பெஞ்சில் தட்டை நடுவில் வைத்துவிட்டு ரமிஸ் மறுமுனையில் உட்கார்ந்தான். வெகுநேரம் இருவரும் எதையும் தொடவில்லை. பிறகு ஹாஸிப் கைக்குட்டையை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். மெல்ல மென்றார்.

"உப்பு அளவா இருக்கு" என்றார்.

"அவங்க கைக்கு உப்பு தப்பாது" என்றான் ரமிஸ்.

மறுநாள் சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா அடக்கம். பச்சைத் துணி போர்த்திய சந்தூக்கை ஆண்கள் தோட்டத்திலிருந்து தூக்கினார்கள். பெண்கள் வீட்டிலேயே இருந்தார்கள். நஃபியா மாடி ஜன்னலைத் திறந்து வைத்து நின்றாள். கூட்டத்தின் கடைசியில், வேலியை ஒட்டி, ஹாஸிப் தனியாக நின்றிருந்தார்.

முன்னால் இடப்பக்கம் தோள் கொடுத்திருந்த ரமிஸ் நாலு எட்டு வைத்துவிட்டு நின்றான். பின்னால் வந்தவர்களும் நிற்க வேண்டியதாயிற்று. இமாம் திரும்பிப் பார்த்தார்.

"ஹாஸிப்! அங்க என்ன பண்றீங்க? இந்தப் பக்கம் வாங்க."

வலப்பக்கம் பிடித்திருந்தவன் ஒதுங்கி வழிவிட்டான். ஹாஸிப் ஓட்டமும் நடையுமாக வந்து அடியில் தோளைக் கொடுத்தார். அவர் ரமிஸைவிட ஒரு தலை உயரம். நிமிர்ந்ததும் சந்தூக் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. யாரோ "பார்த்து, பார்த்து" என்றார்கள். ஹாஸிப் உடனே முழங்கால்களை மடித்துத் தாழ்ந்தார். சந்தூக் சமமாயிற்று.

கபரஸ்தான் மேட்டுக்குப் போகும் பாதை அந்த ஜன்னலிலிருந்து கடைசிவரை தெரியும். பின்னால் தூக்கியவர்கள் சில அடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருந்தார்கள். முன்னால் இருந்த இருவரும் மாறவில்லை. ஏற்றம் முழுக்க ஹாஸிப் அப்படியே, முழங்கால் மடித்தபடி, நிமிராமல் நடந்து போனார்.