கதவுப் பக்க நாற்காலி

என் வகுப்பில் ஐந்து நாற்காலிகள் மட்டும் தனியாக, கரும்பலகையிலிருந்து கதவு வரை ஒரே வரிசையில் கிடக்கும். மற்ற ஆசிரியர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். சிரிக்கட்டும். பெரியவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லித் தருவது எவ்வளவு பாடு என்று அவர்களுக்கும் தெரியும். அவர்கள் பாடுபடுவதில்லை, அவ்வளவுதான்.

வேலைக்குப் போய்விட்டு மாலையில் வருகிறவர்கள்தான் என் மாணவர்கள். துணிக்கடையில் நிற்கும் பெண்கள், நர்சுகள், டாக்ஸி ஓட்டுகிறவர்கள். வில், மே, மைட் எல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவற்றோடு ப்ராபப்லி, பாசிப்லி, டெஃபினட்லி என்று ஒரு சொல்லைச் சேர்க்கச் சொன்னால்தான் நாக்கு இடறும். அதற்காகத்தான் நாற்காலிகள். ஒருவர் ஒரு வாக்கியம் சொல்வார், அவரை எந்த நாற்காலியில் உட்காரவைப்பது என்று வகுப்பு முடிவு செய்யும். "ஐ வில் டெஃபினட்லி கம்" என்றால் கரும்பலகைக்குப் பக்கத்தில் முதல் நாற்காலி. ப்ராபப்லி என்றால் இரண்டாவது. வெறும் "ஐ மே கம்" நடுவில். "ஐ மைட் பாசிப்லி கம்" என்று இழுத்தால் நான்காவது. வரவே மாட்டேன் என்கிறவருக்குக் கதவுப் பக்க நாற்காலி. 'வில்'லுக்கும் வினைச்சொல்லுக்கும் நடுவே அந்தச் சேர்ப்புச் சொல் புகுந்துகொள்ளும். வோன்ட் என்று மறுக்கும்போது மட்டும் முன்னாலேயே வந்து நிற்கும், கெட்ட செய்தி சொல்ல வந்தவர் முதலில் தொண்டையைச் செருமுகிற மாதிரி.

ஒருமுறை துணிக்கடைப் பெண் ஒருத்தி, "மை பாஸ் வில் டெஃபினட்லி இன்க்ரீஸ் மை சேலரி" என்றாள். இலக்கணப்படி முதல் நாற்காலி. வகுப்பே எழுந்து அவளைக் கதவுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் பயிற்சி மையத்தின் இயக்குநருக்குப் பின்னால் எல்லோரும் வைத்திருக்கும் பெயர் 'நிச்சயம் சார்'. எதைக் கேட்டாலும் "நிச்சயமா" என்பார். மின்விசிறி ஓடவில்லை என்றால் நிச்சயமா. கழிப்பறையில் தண்ணீர் இல்லை என்றால் நிச்சயமா. முன்பு அவர் இதே மையத்தில் கட்டணக் கவுன்டரில் உட்கார்ந்து ரசீது கிழித்துக்கொண்டிருந்தவர்தான். வேலை முடிந்ததும் என் வகுப்பில் கடைசி பெஞ்சில் வந்து உட்காருவார். ஒவ்வொரு வாக்கியத்தையும் சொல்லி முடித்துவிட்டு, கழுத்தை லேசாகச் சாய்த்து, "சரிதானே டீச்சர்?" என்று கேட்பார். அப்போது நான் அவரைத் தம்பி என்று கூப்பிடுவேன். பிறகு முதலாளியின் பெண்ணைக் கட்டினார். தம்பி சார் ஆனார். அதில் எனக்குப் பொறாமை இல்லை. ஏறிய ஏணியை எட்டி உதைக்காமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன்.

நான் அந்த மையத்தில் இன்னும் தற்காலிக ஆசிரியைதான். ஒவ்வொரு வருடமும் நிரந்தரம் செய்யும்படி கேட்பேன், ஒவ்வொரு வருடமும் "நிச்சயமா டீச்சர்" கிடைக்கும். முன்பெல்லாம் அதை ஒரு வேடிக்கையாக வீட்டில் சொல்லிச் சிரிப்போம். என் கணவரின் கண் போகத் தொடங்கியதும் வேடிக்கை நின்றுபோனது.

அவர் பஸ் ஓட்டுநர். ஒரு கண் முதலிலேயே மங்கிவிட்டது, வேலையும் அதோடு போனது. இன்னொன்றையாவது காப்பாற்ற வேண்டுமானால் சீக்கிரம் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் கையில் இருப்பதை வைத்து அந்த ஆஸ்பத்திரி வாசலைக்கூட மிதிக்க முடியாது. ஆனால் மையத்தின் நிரந்தர ஊழியர் என்றால் குடும்பத்துக்கே மருத்துவக் காப்பீடு. இதற்காகத்தான் நிச்சயம் சாரின் அறை வாசலில் நின்றேன், இளித்தேன், குழைந்தேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

"உங்க நிச்சயம் சார் இன்னிக்கு எந்த நாற்காலியில உக்காந்தாரு?" என்று கணவர் தினமும் கேட்பார். என் பாடம் முழுக்க அவருக்கு அத்துப்படி.

"முதல் நாற்காலிதான்."

"அதான் பயமா இருக்கு. டிப்போவுல பஸ் நிச்சயம் வரும்னு சொன்னா, நாங்க செருப்பை மாட்டிக்கிட்டு நடக்க ஆரம்பிச்சிடுவோம்."

அப்படி இருக்கும்போதுதான் நிச்சயம் சார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மையத்தின் பாடங்களை வீடியோவாக எடுக்கப் போகிறார்களாம். என்னுடையதுதான் முதல்.

"உங்களை மாதிரி யாரு டீச்சர் சொல்லித் தர முடியும்? அந்த நாற்காலி எல்லாம் அப்படியே வேணும். இது முடியட்டும், உங்க விஷயத்தை நானே கையெழுத்துப் போட்டு முடிக்கிறேன். நிச்சயமா."

பக்கத்து அறையைத் துணி கட்டி மறைத்து விளக்குகளை வைத்தார்கள். ஐந்து நாற்காலிகளும் கேமராவுக்குள் அடங்கவில்லை. வீடியோக்காரர் ஒன்றை எடுத்துவிடலாம் என்றார். முடியாது என்று சண்டை போட்டு, நாற்காலிகளை நெருக்கிப் போட்டு, எல்லாவற்றையும் அடக்கினேன். ஒரு பாடத்தையும் ஒப்பேற்றவில்லை. மாணவர்கள் எங்கே இடறுவார்கள், என்ன கேட்பார்கள், அதற்கு என்ன பதில், எந்த இடத்தில் ஒரு ஜோக் சொன்னால் மனதில் நிற்கும், எல்லாவற்றையும் அந்தக் கேமராவுக்கு முன்னால் கொட்டினேன். தொண்டை கட்டியபோது வெந்நீர் குடித்துவிட்டு மறுபடி நின்றேன்.

"எல்லாத்தையும் சொல்லிட்டியா?" என்று கணவர் கேட்டார்.

"ஒண்ணுவிடாம."

"கொஞ்சம் கையில வச்சிருந்திருக்கலாம் டீச்சரம்மா."

எனக்குக் கோபம் வந்தது. "உங்க கண்ணுக்காகத்தானே கத்துறேன்" என்று எரிந்து விழுந்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று அவர் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, அது அவர் குணம்.

பதிவு முடிந்து, வீடியோக்களை வெட்டி ஒட்டி, எல்லோரும் பார்த்துப் பாராட்டியும் ஆயிற்று. நிச்சயம் சார் கூப்பிட்டார். போகும்போதே டாக்டரிடம் எந்தக் கிழமை போகலாம் என்று மனம் கணக்குப் போட்டது. அறையில் நாற்காலி காட்டினார், உட்கார்ந்தேன். எப்போதும் என்னிடம் தமிழில் பேசுகிறவர் அன்று இங்கிலீஷில் ஆரம்பித்தார்.

"நெக்ஸ்ட் டெர்ம், தி வீடியோஸ் வில் ப்ராபப்லி ரீப்ளேஸ் தி ஈவ்னிங் கிளாசஸ்."

எனக்குச் சட்டென்று உறைக்கவில்லை. "அப்போ எனக்கு எந்த பேட்ச் சார்?" என்று தமிழிலேயே கேட்டேன்.

அவர் மேஜைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தார்.

"வீடியோ போட்டுக் காட்டறதுக்கு ஒரு பொண்ணு போதும்னு மாமனார் ஃபீல் பண்றார் டீச்சர். சந்தேகம் கேக்கறதுக்கு ஆள் வேணும்னா..." மறுபடியும் இங்கிலீஷுக்குப் போனார். "வீ மைட் பாசிப்லி கால் யூ."

"நிரந்தரம் பண்றேன்னு சொன்னீங்களே சார். அவர் கண்ணு விஷயம் உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் டீச்சர். எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு." உண்மையிலேயே கஷ்டப்படுகிறவர் மாதிரிதான் முகத்தை வைத்துக்கொண்டார். பிறகு ஒரு மூச்சு எடுத்து, தவறிவிடக் கூடாதே என்கிற கவனத்தோடு ஒவ்வொரு சொல்லாக வைத்தார். "அன்ஃபார்ச்சுனேட்லி, வீ டெஃபினட்லி வோன்ட் பி ஏபிள் டு மேக் யூ பெர்மனென்ட்."

சொல்லி முடித்ததும் கழுத்து லேசாகச் சாய்ந்தது.

"சரிதானே டீச்சர்?"

கேலி செய்யவில்லை அவர். கேலி செய்திருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பேன். பழக்கதோஷம், வாயில் வந்துவிட்டது. அவர் கண்ணில் பழைய கடைசி பெஞ்ச் ஆசை, ஒரு 'வெரிகுட்'டுக்காகக் காத்திருந்தது. என் வாயும் என் பேச்சைக் கேட்கவில்லை. இத்தனை வருடம் திருத்தித் திருத்தி ஊறிப்போன வாய்.

"சரி" என்றேன்.

வெளியே வந்தேன். அந்த ஒரு சொல்லைத் திரும்பப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வரலாமா என்று படிக்கட்டில் நின்றேன். என் வகுப்பறைக் கதவு திறந்திருந்தது. சுவரில் புதிதாக ஒரு பெரிய திரை மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஐந்து நாற்காலிகளும் இடைஞ்சலாக இருந்தனவோ என்னவோ, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி மூலையில் வைத்திருந்தார்கள்.

வீட்டுக்குள் நுழையும்போதே என் குரல் கேட்டது. மையத்துக்காரர்கள் விளம்பரத்துக்காக முதல் பாடத்தை வெளியிட்டுவிட்டார்கள். கணவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, போனை மூக்கில் இடிக்கிற மாதிரி பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா? என்ன சொன்னாரு? எந்த நாற்காலி?"

"கதவுக்கு வெளியே" என்றேன்.

"அங்க நீ நாற்காலி போட்டதே இல்லையே."

"இனிமே போடணும்."

அவர் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். போனில் நான் பேசிக்கொண்டே இருந்தேன். தெளிவான, நம்பிக்கையான, எனக்கே எரிச்சலூட்டுகிற குரல்.

"குரல் நல்லா வந்திருக்கு" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. போனை இன்னும் கிட்டே கொண்டுபோய், தள்ளி, மறுபடி கிட்டே கொண்டுபோனார். "வெள்ளையா ஏதோ அசையுது, அதான் நீன்னு நினைக்கிறேன். எந்தப் பக்கம் நிக்கறே? போர்டு பக்கமா, கதவுப் பக்கமா?"

எட்டிப் பார்த்தேன். முதல் நாற்காலியின் முதுகில் கையை ஊன்றிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக நின்றிருந்தேன்.

"போர்டு பக்கந்தாங்க" என்றேன்.