குடை பனைக்குத்தான்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சொல்லட்டும். அந்தக் கோபம் மட்டும் இல்லாவிட்டால் இன்றைக்கு என் கொட்டகையில் ஒரு நாற்றுகூட மிஞ்சியிருக்காது.

நாங்கள் அலுவலகங்களுக்குச் செடி வாடகைக்கு விடுகிறவர்கள். நான், என் வீட்டுக்காரர், ஒரு சின்ன லாரி, அவ்வளவுதான் கம்பெனி. ஒரு செடி பதினைந்து நாள் ஏசி அறையில் நிற்கும். அப்புறம் அதைக் கொண்டுவந்து கொட்டகையில் நிழல்வலைக்கு அடியில் ஒரு மாதம் இளைப்பாற விட்டு, வேறொன்றை அனுப்புவோம். எங்களிடம் பாதிக்கு மேல் நிழல்பனை. மழைக்காட்டில் பெரிய மரங்களுக்கு அடியில், இருட்டோடு இருட்டாக வளர்கிற குட்டைப் பனை. நன்றாக வளர்ந்தால் என் தோள் உயரம் வரும். பனை என்ற பேரைக் கேட்டதுமே ஆளாளுக்கு அதை வெயிலில் இழுத்து வைப்பார்கள். இரண்டு நாளில் இலை வெளிறும், ஒரு வாரத்தில் காகிதமாகக் காயும். பிறகு, செடி சரியில்லை என்று எனக்கே போன் வரும். அதனால் நிழல்பனைத் தொட்டி ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்புப் புள்ளி வைத்திருக்கிறேன். கறுப்புப் புள்ளி என்றால் ஜன்னலிலிருந்து ஆறடி தள்ளி நிற்க வேண்டும். பேச்சு கிடையாது.

அத்தனைக்கும் தாய் ஒருத்தி இருக்கிறாள். மூத்தவள் என்று கூப்பிடுவேன். இந்தப் பனையில் ஆண் தனி, பெண் தனி. ஆண் நாலு வைத்திருக்கிறேன்; காய்க்கிற வயதுக்கு வந்த பெண் இவள் மட்டும்தான். காலையில் ஆண் பூவின் தூளைச் சின்ன பிரஷ்ஷில் தொட்டெடுத்து இவள் பூவில் தடவ வேண்டும். எனக்கு வாய்த்த ஒரே பொறுமை அந்த அரைமணி நேரம்தான். காய் முற்றப் பல மாதம், விதை முளைக்க இன்னும் பல மாதம், நாற்று வாடகைக்குப் போகிற அளவு வளர ஆறேழு வருஷம். இதில் மூத்தவள் இரண்டு வருஷம் பூக்காமல் சண்டித்தனம் வேறு பண்ணிவிட்டாள். இந்த வருஷம்தான் ஐந்து குலை. காய் கறுக்க இன்னும் இருபது நாள் இருந்தது. இந்தக் குலையும் போனால் எங்களுக்கு அடுத்த தலைமுறைச் செடி இல்லை.

அப்போதுதான் அந்த மேனேஜர் வந்தார். எங்கள் தொட்டிகளில் பாதி அவருடைய அலுவலகத்தில்தான் நிற்கின்றன. புதுக் கட்டடம் கட்டியிருந்தார்கள், முகப்பு முழுக்கக் கண்ணாடி. திறப்பு விழாவுக்கு முன்கூடத்தில் வைக்க மூத்தவள்தான் வேண்டும் என்றார். வெயில் ஆகாது, காய் நிற்கிறது, அவள் வாடகைச் செடியே இல்லை என்று பொறுமையாகத்தான் சொன்னேன். அப்படியானால் மற்ற தொட்டிகளையும் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். யோசியுங்கள் என்று நானும் சிரித்தேன். என் வீட்டுக்காரர் முகம்தான் செத்துப்போயிற்று.

அந்த வாரமே தங்கைக்குப் பிரசவம். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் அவளோடு இருந்துவிட்டுக் காலை ஒன்பதரைக்கு வந்து கொட்டகையில் நுழைந்தால், மூத்தவள் நின்ற இடத்தில் வட்டமாக ஓர் ஈரத் தடம் மட்டும் இருந்தது. வீட்டுக்காரர் கழுவிய தொட்டிகளையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். கேட்கவே வேண்டாம், புரிந்துவிட்டது.

"மூணே நாளைக்குன்னு சொன்னாரு," என்றார் தலை நிமிராமல். "இல்லன்னா மொத்தமா நிறுத்திடுவேன்னாரு. தூண் மறைவுலதான் வெச்சேன். நானே நின்னு பாத்துதான் வெச்சேன்."

"எப்ப?"

"முந்தாநாள் காலையில. இன்னைக்குப் பதினோரு மணிக்கு விழா. முடிஞ்சதும் எடுத்துடலாம்."

நான் லாரிச் சாவியை எடுத்தேன். அவர் பெரிய குடையை எடுத்துக்கொண்டு ஏறினார். அந்த மூன்று நாளில் அவர் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

பின்வாசல் வழியாக உள்ளே போனோம். தூண் மறைவில் ஒரு மேஜைதான் இருந்தது. போட்டோவில் விழவில்லை என்று அலங்காரம் செய்தவர்கள் மூத்தவளைக் கண்ணாடிச் சுவர் ஓரமாக இழுத்து வைத்திருந்தார்கள். காலை வெயில் முழுக்க அவள் மேல்தான். வெயில் பக்கத்து இலைகள் வெளுத்துப்போயிருந்தன. குலைகளைச் சேர்த்துத் தங்கநிற ரிப்பனால் கட்டியிருந்தார்கள். அடியில், பளபளக்கும் தரையில், சுருங்கின பச்சைக் காய்கள் சிதறிக் கிடந்தன. அழுகைதான் முதலில் வந்தது. அதை விழுங்கிவிட்டு ரிப்பனை அவிழ்த்தேன்.

மேனேஜர் ஓடி வந்தார். கண்ணாடிக்கு வெளியே காத்திருந்த விருந்தாளிகள் பக்கம் சிரிப்பையும் என் பக்கம் பல்லையும் காட்டினார். பன்னிரண்டு மணிக்கு எடுத்துக்கொள்ளலாம், ஒரு மணி நேரத்தில் என்ன குடி முழுகிவிடும் என்றார்.

"அந்த ஒரு மணி நேரம் நீங்க சட்டையக் கழட்டிட்டு இந்தக் கண்ணாடிகிட்ட நில்லுங்க சார்," என்றேன். "அப்பறம் பேசலாம்."

அவர் காதெல்லாம் சிவந்துவிட்டது. "இத இப்ப எடுத்தீங்கன்னா, எல்லாத் தொட்டியையும் எடுத்துட்டுப் போயிடுங்க. இனிமே இந்த வாசல்ல உங்களப் பாக்கக் கூடாது."

எங்கள் தொழிலில் பாதி அந்த ஒரு வாக்கியத்தில் போயிற்று. நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். இந்தப் பேச்சுக்குப் பயந்துதானே மனிதர் எனக்குத் தெரியாமல் இவ்வளவும் செய்தார்! அவர் காலடியில் கிடந்த காய்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு குனிந்து தொட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

"மத்ததுக்குச் சாயங்காலம் வர்றோம் சார்," என்றார். "அதுவரைக்கும் கறுப்புப் புள்ளி வெச்ச எதையும் ஜன்னல் பக்கம் நகத்தாதீங்க."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் ஒரு பெரிய மனிதரை எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு உச்சி குளிர்ந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

பின்வாசலில் எட்டுப் படி. இறக்கினால் குலுங்கி மிச்சக் காயும் உதிரும். முன்வாசல் சமதளம். அங்கேயோ குறுக்கே சிவப்பு ரிப்பன், பக்கத்தில் ஒரு பெண் தட்டில் கத்தரிக்கோலோடு நின்றாள். ரிப்பனுக்கு அடியில் நான் குனிந்து போய்விடலாம், மூத்தவளால் முடியாது. நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் மேனேஜரைப் பார்த்தாள், பனையைப் பார்த்தாள், தட்டை என் பக்கம் நீட்டினாள்.

வெட்டினேன். யாரோ பழக்க தோஷத்தில் கைதட்டினார்கள். அந்தக் கட்டடத்தைத் திறந்து வைத்தது நான்தான். முதலில் வாசலைத் தாண்டியது மூத்தவள்.

லாரியின் பின்பக்கம் திறந்தவெளி. வீட்டுக்காரர் அவளோடு ஏறி உட்கார்ந்து குடையை விரித்தார். சுள்ளென்று வெயில். நான் ஓட்டினேன். தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். தலையில் வழுக்கையோடு ஒருவர் வெயிலில் உட்கார்ந்து செடிக்குக் குடை பிடித்தால் யார்தான் பார்க்க மாட்டார்கள்? சிக்னலில் நின்றபோது பின் கண்ணாடியைத் தட்டினார்.

"அஞ்சுல மூணு குலை நல்லா நிக்குது," என்றார்.

எனக்கு அப்போதுதான் ஒழுங்காக மூச்சு வந்தது.

"எனக்குத்தான் மண்டை பொளக்குது," என்றார்.

"அவ மேல நிழல் விழுதா?"

மேலும் கீழும் பார்த்தார். குடையை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் சாய்த்தார். "முழுசா விழுது."

"அப்ப பொளக்கட்டும்," என்றேன்.

பச்சை விழுந்தது. காய் குலுங்காமல் வண்டியை மெல்ல நகர்த்தினேன்.