மிதிக்கிற ஆள்

ஆஸ்பத்திரி வார்டு வாசலில் பஞ்சு செருப்பைக் கழற்றினான். கழற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மாமாவின் முதுகு இருக்கும் இடத்துக்கு வெறுங்காலோடு போய்ப் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

கிடங்கில் மூட்டை தூக்கும் பதினாலு பேருக்கும் முதுகுவலி உண்டு. வலி இல்லாதவன் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். மதியம் சாப்பிட்டதும் சாக்கை விரித்துக் குப்புறப் படுப்பார்கள். இருப்பதிலேயே எடை குறைந்தவன் ஏறி மிதிக்க வேண்டும். அது யார் என்று முடிவுகட்ட மாதத்துக்கு ஒருமுறை எல்லோரும் மூட்டைத் தராசில் ஏறி இறங்குவார்கள். ஐந்து வருடமாக அந்தப் பதவி பஞ்சுவிடமே இருந்தது. அக்கா புருஷன் என்பதால் மாமாவுக்கு மட்டும் பத்து மிதி கூடுதல்.

நாலு மாதமாக மாமாவுக்கு ஒரே இடத்தில் வலி. சாயங்காலமானால் காய்ச்சல், தூக்கத்தில் வேர்வை, சாப்பாடு இறங்கவில்லை. போன மாதம் தராசில் ஏறியபோது பதினோரு கிலோ குறைந்திருந்தார். பஞ்சுவைவிட இரண்டு கிலோ கம்மி.

கிடங்கே கைதட்டியது.

“மாப்ளே, உன் வேலை போச்சு. இனிமே நீ படு, நான் மிதிக்கிறேன்” என்று அறிவித்த மாமா, சிரித்து முடிக்குமுன் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்று மிதிக்கும்போது முதுகின் நடுவே சின்ன மேடு ஒன்று காலில் தட்டுப்பட்டது. “ஏதோ புடிச்சிருக்கு மாமா, பொறுத்துக்கோங்க” என்று பஞ்சு குதிகாலை அங்கேயே வைத்து அழுத்தினான். பத்து நாளில் மாமாவின் இரண்டு கால்களும் துவண்டுவிட்டன.

“முதுகெலும்புல டிபி” என்றார் டாக்டரம்மா.

“இருமலே இல்லையே?” என்றாள் அக்கா, இருமாதது மாமாவின் குற்றம்போல.

“எலும்புலயும் வரும்மா. ரெண்டு எலும்பை அரிச்சு, சீழ் கட்டி நரம்பை அழுத்துது. ஒரு வருஷத்துக்குக் கொறையாம மாத்திரை, முதுகுக்கு பெல்ட். ஒருநாள்கூட விடக்கூடாது. கால் தேறலேன்னா ஆபரேஷன்.”

“நடப்பாரா?”

“நிறைய பேர் நடந்திருக்காங்க.”

நடப்பார் என்று அவர் சொல்லவில்லை. பஞ்சு அதைக் கவனித்தான். தாழ்வாரத்தில் பின்னாலேயே ஓடி, மிதித்த கதையைச் சொன்னான்.

“கிருமி அரிச்ச எலும்பு. நீங்க மிதிக்கலேன்னாலும் சரிஞ்சிருக்கும்னுதான் நெனைக்கிறேன்” என்றார். இரண்டு எட்டு போய்த் திரும்பினார். “ஆனா மிதிச்சிருக்கக் கூடாது.”

பஞ்சு கட்டிலுக்குத் திரும்பினான். அக்கா மாத்திரை வாங்கப் போயிருந்தாள்.

“நான்தான் மாமா...”

“அவகிட்ட உளறித் தொலைக்காத, கொன்னுடுவா. அப்புறம் எனக்கு மிதிக்க ஆளு?”

பஞ்சு கட்டிலின் கால்மாட்டில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். தன் வெறுங்காலைத் தூக்கி, மாமாவின் உள்ளங்காலோடு தன் உள்ளங்காலைச் சேர்த்து வைத்தான். ஜில்லென்றிருந்தது.

“மிதிங்க மாமா. உங்க முறை.”

மாமா கண்ணை இறுக மூடினார். கழுத்து நரம்பு புடைத்தது. உள்ளங்காலில் ஏதோ லேசாக அசைந்தது. நடுங்குவது தன் கால்தானோ என்று பஞ்சுவுக்குச் சந்தேகம் வந்தது. இரண்டு கையாலும் தன் முழங்காலை இறுக்கிப் பிடித்து, அசையாமல் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.